வட கொரியா: போகும் வழி, சாப்பாடு, குடி – ஒரு முழு வழிகாட்டி

2020 ஜனவரியில் என் மேசையில் ஒரு விண்ணப்பப் படிவம் கிடந்தது. ஏப்ரலில் பியோங்யாங் போக முன்பணம் கட்டியாயிற்று. என்ன தொழில், எங்கே வேலை, முதலாளி யார் என்று கேட்ட கட்டங்களை நிரப்பிக்கொண்டிருந்தேன். அந்த மாதமே கொரோனாவுக்குப் பயந்து வட கொரியா எல்லையை இழுத்துச் சாத்தியது. படிவம் இன்னும் டிராயரில் இருக்கிறது.

போகாதவன் வழிகாட்டி எழுதலாமா என்று கேட்டால், கேள்வி நியாயம்தான். ஆனால் போய் வந்தவர்களும் அவர்களுக்குக் காட்டப்பட்டதைத்தான் பார்த்திருக்கிறார்கள். அவர்களோடு பேசியும், சியோலில் வடக்கத்திச் சாப்பாட்டுக் கடைகளில் உட்கார்ந்தும், வீட்டில் சமைத்துச் சொதப்பியும் இத்தனை வருடத்தில் எனக்குப் பிடிபட்டது ஒன்று உண்டு. சிலைகளும் கோபுரங்களும் வட கொரியா என்ற நாடு பிறந்த 1948க்குப் பிறகு வந்தவை. சாப்பாட்டு மேசை அதற்கு ரொம்ப முந்தியது. அரசியல் எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் குளிர்ந்த நூடுல்ஸ் கிண்ணத்துக்குள் பழைய கொரியா அப்படியே இருக்கிறது. அதனால் இந்த வழிகாட்டி நாக்கு வழியாகவே போகும். மற்றவை வழியில் வரும்.

முதலில், கதவு திறந்திருக்கிறதா என்று பாருங்கள்

இதைப் பார்க்காமல் டிக்கெட் விலையெல்லாம் தேடிப் பிரயோசனம் இல்லை. கொரோனாவுக்குப் பிறகு முதலில் உள்ளே விடப்பட்ட சுற்றுலாப் பயணிகள் ரஷ்யர்கள், 2024 பிப்ரவரியில். 2025 பிப்ரவரியில் ரஷ்ய, சீன எல்லையை ஒட்டியுள்ள ராசோன் பகுதி மேற்கு நாட்டவருக்குத் திறந்தது. மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை, காரணம் சொல்லாமல் மூடிவிட்டார்கள். அதே ஆண்டு ஏப்ரல் 6ஆம் தேதி பியோங்யாங் மாரத்தானுக்கு மட்டும் வெளிநாட்டு ஓட்டக்காரர்களை விட்டார்கள், ஆறு வருட இடைவெளிக்குப் பிறகு. ஜூலை 1 அன்று கிழக்குக் கடற்கரையில் வோன்சான்-கல்மா என்ற பெரிய உல்லாசத் தலம் திறந்தது. ஒரே நேரத்தில் 20,000 பேர் தங்கலாம் என்று அரசு ஊடகம் பெருமையாகச் சொன்னது. இரண்டு வாரம் கழித்து, வெளிநாட்டவரை இப்போதைக்கு ஏற்பதில்லை என்று ஓர் அறிவிப்பு வந்தது.

கதவு இப்படித்தான் ஆடும். இன்று படிக்கும் செய்தி அடுத்த மாதம் பழசாகிவிடும். ஆகவே விமான டிக்கெட், விடுப்பு, ஊர் முழுக்கச் சொல்லி வைப்பது எல்லாவற்றையும் கடைசிக்குத் தள்ளுங்கள். முன்பணம் கட்டும்போது, எல்லை மூடினால் எவ்வளவு திரும்ப வரும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நான் வாங்கவில்லை. மீதிக் கதை உங்களுக்கே புரியும்.

பாஸ்போர்ட்டும் படிவமும்

வட கொரியாவில் தனியாக ஊர் சுற்ற முடியாது. அங்கீகரிக்கப்பட்ட பயண நிறுவனம் வழியாக, முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டி, அவர்கள் தரும் பயண நிரலோடு போவது ஒன்றுதான் வழி. விசாவையும் அந்த நிறுவனமே வாங்கித் தரும். அது பாஸ்போர்ட்டில் ஒட்டப்படுவதில்லை, தனி அட்டையாக வரும். திரும்பும்போது வாங்கிக்கொள்வார்கள். பாஸ்போர்ட்டில் முத்திரை விழாமல் வந்தவர்கள்தான் அதிகம். நினைவுக்கு வைத்துக்கொள்ள முத்திரை இல்லையே என்று வருத்தப்படுகிறவர்களும் உண்டு.

யாரால் போக முடியாது? தென் கொரியக் குடிமக்கள் போக முடியாது. அமெரிக்க பாஸ்போர்ட் 2017 செப்டம்பரிலிருந்து அந்த நாட்டுப் பயணத்துக்குச் செல்லாது. ஓட்டோ வார்ம்பியர் என்ற மாணவர் தங்கியிருந்த ஹோட்டலில் பிரச்சாரச் சுவரொட்டி ஒன்றைத் திருட முயன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டு, 15 ஆண்டு கடின உழைப்புத் தண்டனை பெற்று, கோமா நிலையில் ஊர் திரும்பி, சில நாட்களில் இறந்துபோனதற்குப் பிறகு வந்த தடை அது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட நம்மவர்கள் கவனிக்க வேண்டியது. பத்திரிகையாளர்களுக்குச் சுற்றுலா விசா கிடையாது. வலைப்பதிவில் இரண்டு கட்டுரை எழுதியிருந்தாலே சில நிறுவனங்கள் துருவித் துருவிக் கேட்கும்.

மலேசியத் தமிழர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. ஒரு காலத்தில் மலேசிய பாஸ்போர்ட்டுக்கு வட கொரியாவில் விசாவே தேவைப்படவில்லை. 2017 பிப்ரவரியில் கோலாலம்பூர் விமான நிலையத்தில், வட கொரியத் தலைவர் கிம் ஜோங்-உன்னின் ஒன்றுவிட்ட அண்ணன் கிம் ஜோங்-நாம் கொல்லப்பட்டதோடு அந்த உறவு கசந்தது. 2021 மார்ச்சில் தூதரக உறவே முறிந்தது.

இந்தியர்களுக்குத் தடை இல்லை. இரு நாட்டுக்கும் 1973 டிசம்பரிலிருந்து தூதரக உறவு இருக்கிறது. பியோங்யாங்கில் இருந்த இந்தியத் தூதரகம் 2021 ஜூலையில் ஆட்களைத் திருப்பி அழைத்துக்கொண்டது. மீண்டும் இயக்குவதற்காக 2024 டிசம்பரில் ஒரு குழு போனது. புறப்படும் முன் அங்கே தூதரக அலுவலர் யாராவது இருக்கிறாரா என்று விசாரித்துவிடுங்கள். அந்த ஊரில் ஒரு சிக்கல் என்றால் உங்களுக்காகப் பேச வேறு யாரும் இல்லை.

வழி என்று பார்த்தால், கொரோனாவுக்கு முன் பெரும்பாலோர் பெய்ஜிங்கிலிருந்துதான் போனார்கள். வட கொரியாவின் ஏர் கோர்யோ விமானம், இல்லையென்றால் தண்டோங் எல்லை வழியாக ஏறத்தாழ ஒரு நாள் ஓடும் ரயில். முடிந்தால் ரயிலில் போங்கள் என்றே போய் வந்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். வயல், மாட்டு வண்டி, சைக்கிள், புகைபோக்கி என்று யாரும் ஏற்பாடு செய்யாத காட்சிகள் ஜன்னலுக்கு வெளியே ஓடும். 2025 ஜூனில் மாஸ்கோ–பியோங்யாங் ரயில் மீண்டும் ஓடத் தொடங்கியது. 10,000 கிலோமீட்டருக்கு மேல், எட்டு நாள். அந்த எட்டு நாளுக்குப் பொறுமை உள்ளவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

பெட்டியில் என்ன வைக்கலாம், என்ன கூடாது

ஏடிஎம் கிடையாது, நம் அட்டை எதுவும் வேலை செய்யாது. யூரோ, சீன யுவான், டாலர் மூன்றில் ஒன்று, சின்ன நோட்டுகளாக. பெரிய நோட்டுக்குச் சில்லறையாக சூயிங்கம் கிடைத்த கதைகள் நிறைய. உள்ளூர் வொன் பணத்தை வெளியே எடுத்துவரக் கூடாது.

உங்களுக்கு வேண்டிய மருந்து முழுவதும் கையோடு இருக்க வேண்டும். அங்கே மருந்துக்கடையை நம்பிப் போகாதீர்கள். சைவம் சாப்பிடுகிறவர் என்றால் பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் கட்டாயம். எல்லா உணவிலும் சோறு வரும் என்பது ஒரே ஆறுதல்.

கூடாதவை: மத நூல்கள், தென் கொரியப் பாட்டு, நாடகம், படம், வட கொரிய அரசியல் பற்றிய எந்தப் புத்தகமும். மத நூல் விஷயத்தில் விளையாட வேண்டாம். 2014இல் பைபிளை ஓர் இடத்தில் விட்டுவிட்டு வந்ததற்காக ஓர் அமெரிக்கர் மாதக்கணக்கில் அடைபட்டிருந்தார். நம் வீட்டில் கே-டிராமா பார்க்காத பிள்ளை இல்லை. மொபைலில் இறக்கி வைத்த தொடர்கள், பாட்டுகள் எல்லாவற்றையும் அழித்துவிட்டே ஏறுங்கள். 2020 டிசம்பரில் வந்த சட்டத்தின்படி, இதே விஷயத்தில் மாட்டும் உள்ளூர்க்காரர்களுக்கு மிகக் கடுமையான தண்டனை. நீங்கள் தவறிப்போய்க் காட்டும் ஒரு காணொளி, பார்த்தவர் தலையில் விடியும்.

அங்கே நடந்துகொள்ளும் முறை

உங்களோடு எப்போதும் இரண்டு வழிகாட்டிகள் இருப்பார்கள். ஹோட்டல் வாசலைத் தாண்டித் தனியே போகக் கூடாது. கட்டுமான வேலை, ராணுவத்தினர், சோதனைச் சாவடி இவற்றைப் படம் எடுக்கக் கூடாது. தலைவர் சிலையைப் படம் பிடித்தால் தலை முதல் கால் வரை முழுதாக விழ வேண்டும். பாதியில் வெட்டக் கூடாது, அதே மாதிரி கையைத் தூக்கி போஸ் கொடுக்கக் கூடாது. செய்தித்தாளில் தலைவர் முகம் இருந்தால் அந்த இடத்தில் மடிக்கக் கூடாது, கசக்கிக் குப்பையில் போடவே கூடாது. வடை மடிக்கப் பேப்பர் கிழிக்கும் ஊரிலிருந்து போகிற நமக்குக் கை பழக இரண்டு நாளாகும்.

பியோங்யாங்கின் மான்சு குன்றில் நாட்டை நிறுவிய கிம் இல்-சுங், அவர் மகன் கிம் ஜோங்-இல் இருவரின் வெண்கலச் சிலைகள் முன் வரிசையாக நின்று குனிந்து வணங்கச் சொல்வார்கள். பூங்கொத்தும் வைக்கச் சொல்லலாம். மனம் ஒப்பவில்லை என்றால் பயணமே வேண்டாம் என்று முன்கூட்டியே முடிவெடுங்கள். அங்கே போய் நின்றுகொண்டு மறுத்தால் உங்களுக்கு ஒன்றும் ஆகாமல் போகலாம், பதில் சொல்ல வேண்டியவர் உங்கள் வழிகாட்டி. இந்த ஒன்றை மறக்காமல் இருந்தாலே மற்ற விதிகள் தானாக நினைவுக்கு வரும். அரசியல் கேள்வி கேட்டு வழிகாட்டியை மடக்கிவிட்டதாகப் பெருமை பேசுகிறவர்களைப் படித்திருக்கிறேன். எனக்கு அது வீரமாகத் தெரியவில்லை.

இன்னொன்று, 2024க்கு முந்தைய பயணக் குறிப்புகளை அப்படியே நம்பாதீர்கள். இரு கொரியாக்களும் ஒரே இனம், ஒரு நாள் இணைவோம் என்று ஏழு தசாப்தமாகச் சொன்னதை 2023 இறுதியில் கைவிட்டுவிட்டார்கள். பியோங்யாங்கின் தெற்கு வாயிலில் இருந்த மறுஇணைப்பு வளைவை 2024 ஜனவரியில் இடித்தே விட்டார்கள். பழைய குறிப்பைப் படித்துவிட்டு, ‘எப்போது ஒன்று சேரப் போகிறீர்கள்?’ என்று அன்பாகக் கேட்பது இன்று தவறான கேள்வி.

மொழி விஷயத்தில் நமக்கு ஒரு சின்னச் சந்தோஷம் உண்டு. கொரியக் குழந்தையும் அம்மாவை ‘ஒம்மா’ என்றும் அப்பாவை ‘அப்பா’ என்றும்தான் கூப்பிடும். நாள் அங்கே ‘நல்’, நீ அங்கே ‘நோ’. இதை வைத்து இரண்டு மொழியும் உறவு என்று மொழியியலாளர்கள் ஏற்பதில்லை. ஆனாலும் சாப்பாட்டு மேசையில் பேச்சைத் தொடங்க இதைவிட நல்ல விஷயம் கிடைக்காது. வடக்கில் ஒரு தனித்தமிழ் இயக்கம் மாதிரியும் நடந்திருக்கிறது. டோநட்டுக்கு ‘மோதிர ரொட்டி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

எதைப் பார்ப்பது

நிரல் எப்படியும் உங்கள் கையில் இல்லை, அதனால் சுருக்கமாக. ‘ஜூச்சே’ எனும் அரசின் தற்சார்புக் கொள்கைக்காகக் கட்டிய 170 மீட்டர் உயர ஜூச்சே கோபுரத்தின் மேலிருந்து நகரம் முழுக்கத் தெரியும். சுமார் 100 மீட்டர் ஆழத்தில், சரவிளக்கு தொங்கும் நிலையங்களோடு 1973இல் ஓடத் தொடங்கிய சுரங்க ரயில். 1987இல் கட்டத் தொடங்கி இன்றுவரை ஒரு விருந்தாளிகூடத் தங்காத 105 மாடி ரியுக்யோங் ஹோட்டல். தெற்கே கேசோங், கோர்யோ அரசின் பழைய தலைநகரம். 2013இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஓட்டுக் கூரை வீட்டில், அடியில் சூடேற்றிய தரையில் பாய் விரித்துத் தூங்கலாம். எனக்கு ஒரே ஒரு இரவு கிடைத்தால் பியோங்யாங்கை விட்டுவிட்டு அங்கேதான் போவேன்.

பியோங்யாங்கின் நடுவே ஓடும் தேதோங் ஆற்றங்கரையில் நிற்கும்போது ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். லெப்டினன்ட் கர்னல் ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ். கொரியப் போரில் இந்தியா படை அனுப்பவில்லை, 60ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவை அனுப்பியது. அதன் தலைவர் இவர். 1950 டிசம்பரில் ஐ.நா. படைகள் பியோங்யாங்கை விட்டுப் பின்வாங்கியபோது மருத்துவக் கருவிகளை ஏற்ற வண்டி கிடைக்கவில்லை. அநாதையாக நின்ற ஒரு நீராவி எஞ்சினைக் கண்டுபிடித்து, தாங்களே ஓட்டி, பாலம் தகர்க்கப்படுவதற்கு முன் கருவிகளோடு ஆற்றைக் கடந்தார்கள். உங்கள் வழிகாட்டி இதைச் சொல்ல மாட்டார், அந்தப் போரில் அது எதிர்ப்பக்கம். மனதுக்குள் நினைத்தால் போதும்.

இனி சாப்பாடு

பியோங்யாங் நேங்மியோன். ‘நேங்’ என்றால் குளிர்ச்சி, ‘மியோன்’ என்றால் நூடுல்ஸ். வடக்கில் ரேங்மியோன் என்று உச்சரிப்பார்கள். பக்வீட் என்ற தானிய மாவில் பிழிந்த நூடுல்ஸ், ஐஸ் போலக் குளிர்ந்த கறிச்சாறு, மேலே முள்ளங்கி, வெள்ளரி, பேரிக்காய்த் துண்டு, அவித்த முட்டை. 2022இல் யுனெஸ்கோ இதை மரபுச் செல்வமாகப் பட்டியலிட்டது. வேடிக்கை என்னவென்றால் இது முதலில் குளிர்காலத்துச் சாப்பாடு. வெளியே பனி, அடியில் சுடும் தரை, கையில் உறைபனிக் கிண்ணம். ஃபிரிட்ஜ் இல்லாத காலத்தில் குளிர்ந்த சாறு அப்போதுதானே கிடைக்கும்!

இதற்குப் பெயர் போன இடம் தேதோங் கரையில், பச்சை ஓட்டுக் கூரையோடு நிற்கும் ஓக்ரியுக்வான். 1960களின் தொடக்கத்திலிருந்து இருக்கிறது. அளவை கிராமில் சொல்ல வேண்டும், 100 அல்லது 200. கிண்ணம் வந்ததும் வினிகரைச் சாறில் ஊற்றாதீர்கள். நூடுல்ஸைக் குச்சியால் தூக்கிப் பிடித்து, அதன் மேல் ஊற்றி, பிறகு சாறில் இறக்கிக் கலக்க வேண்டும். கடுகு விழுது கொஞ்சம். கத்தரியால் நறுக்கச் சொல்லிக் கேட்காதீர்கள், நீளமான நூடுல்ஸ் நீண்ட ஆயுளுக்கு அடையாளம். 2018 ஏப்ரல் 27 அன்று இரு நாட்டு எல்லையிலுள்ள பான்முன்ஜோமில் இரு கொரியத் தலைவர்களும் சந்தித்தபோது கிம் ஜோங்-உன் இந்தக் கடை நூடுல்ஸைக் கொண்டுவந்திருந்தார். அன்று மதியமே சியோலில் நேங்மியோன் கடைகள் முன் வரிசை தெருவரை நின்றது.

ஓர் எச்சரிக்கை. முதல் கிண்ணம் உங்களுக்குப் பிடிக்காது. உப்பில்லை, உறைப்பில்லை, கழுநீர் மாதிரி இருக்கிறது என்றுதான் தோன்றும். எனக்கும் சியோலில் அப்படித்தான் இருந்தது. மூன்றாவது கிண்ணத்தில் நம் நீராகாரம் நினைவுக்கு வந்தது. அப்புறம் நிறுத்த முடியவில்லை.

அடுத்து நொக்து ஜிஜிம். பாசிப்பயறை ஊறவைத்து அரைத்து, பன்றிக்கொழுப்பில் வார்க்கும் கனத்த அடை. பெசரட்டு தின்று வளர்ந்தவர்களுக்கு இது ஒன்றுவிட்ட சகோதரன். பியோங்யாங் ஒன்பான் என்பது சோற்றின் மேல் சூடான கோழிச்சாறு ஊற்றி, அதற்கு மேல் இந்த அடைத் துண்டையும் வைத்துத் தருவது. தேதோங் ஆற்று மடவை மீன் சூப்பும் கட்டாயம் கேட்டுச் சாப்பிட வேண்டியது. முழு மிளகு மட்டும் போட்டுக் கொதிக்கவைத்த தெளிந்த சாறு. வடகிழக்கில் ஹம்ஹுங் பக்கம் போனால் நூடுல்ஸ் உருளைக்கிழங்கு மாவில், ரப்பர் போல இழுபடும், கூடவே காரமும் மீனும் சேரும். நம் நாக்கு அங்கே உடனே சமாதானமாகிவிடும்.

கேசோங்கில் பித்தளைக் கிண்ண விருந்து. மூடி போட்ட சின்னச் சின்னக் கிண்ணங்கள் பத்துப் பன்னிரண்டு வரிசையாக வரும். நேரம் மதியம் என்றால், கோழிக்குள் அரிசியும் ஜின்செங் வேரும் திணித்து வேகவைத்த சாம்கேதாங்கும் தனிக் காசுக்குக் கிடைக்கும். பக்கத்திலேயே ‘தன்கோகி’ என்று ஒன்று எழுதியிருக்கும். நேர் அர்த்தம் இனிப்புக் கறி. அது நாய்க்கறி. தெரிந்து சாப்பிடுவது உங்கள் விருப்பம், தெரியாமல் சாப்பிட்டுவிட்டேன் என்று பிறகு சொல்லக் கூடாது.

மேற்குக் கடற்கரையில் நம்போ பக்கம் மட்டிச் சுடல். தரையில் மட்டிகளை வாய் கீழாக நெருக்கி அடுக்கி, மேலே பெட்ரோலை ஊற்றிக் கொளுத்துவார்கள். எரிந்து முடிந்ததும் ஊதிவிட்டு, கையால் பிரித்துத் தின்ன வேண்டியதுதான். பெட்ரோல் வாடை வராதாம். நம்புகிறேன், ஆனால் பக்கத்தில் சிகரெட்டோடு உட்கார மாட்டேன்.

உப்பிட்டுப் புளிக்கவைத்த காய்கறியான கிம்ச்சி ஒவ்வொரு வேளையும் வரும். தெற்கை விட இங்கே மிளகாய் குறைவு, நீர் அதிகம், புளிப்பு தெளிவு. சைவர்கள் கவனிக்க வேண்டும், பெரும்பாலான கிம்ச்சியில் உப்பிட்ட மீனோ இறாலோ சேர்ந்திருக்கும்.

மேசை ஒழுங்கு நமக்குப் புதிதல்ல. மூத்தவர் தொடங்கியபின் தொடங்க வேண்டும். கொடுப்பதும் வாங்குவதும் இரு கையால். கிண்ணத்தைக் கையில் தூக்காமல், சோற்றையும் சூப்பையும் கரண்டியால் சாப்பிட வேண்டும். குச்சியைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்கக் கூடாது, அது இறந்தவர்களுக்குப் படைக்கும் முறை.

இவ்வளவும் சொல்லிவிட்டு அடுத்ததைச் சொல்லாமல் போனால் தப்பு. வெளிநாட்டவர் மேசையில் வரும் தட்டுகளின் எண்ணிக்கை ஊர் சாப்பாடு இல்லை. 1990களின் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் இறந்தார்கள். எத்தனை லட்சம் என்பதில் இன்றும் கணக்குகள் ஒத்துப்போவதில்லை. ஐ.நா. அமைப்புகளின் 2023 அறிக்கைப்படி மக்களில் 45 சதவீதத்துக்கு மேல் ஊட்டச்சத்துக் குறைவில் இருக்கிறார்கள். அந்தப் பஞ்சம் பெற்ற உணவு ஒன்று உண்டு. ‘இன்ஜோகோகி பாப்’, அதாவது செயற்கைக் கறிச் சோறு. எண்ணெய் பிழிந்தபின் மிஞ்சும் சோயாச் சக்கையைத் தட்டி உருட்டி, உள்ளே சோறு வைத்து, மிளகாய்ச் சாந்து தடவியது. ‘ஜாங்மாதாங்’ எனும் சந்தைகளில் பெண்கள் விற்றுக் குடும்பங்களைக் காப்பாற்றிய பண்டம். உங்கள் நிரலில் அது இருக்காது. தப்பி வந்தவர்கள் சியோலில் இன்று அதையே ஆசையாகச் செய்து சாப்பிடுகிறார்கள். மேசையில் மிச்சம் வைக்காமல் குறைவாகக் கேட்டு வாங்குங்கள்.

குடி

குடிக்காதவர்கள் அடுத்த பகுதிக்குத் தாண்டிவிடலாம். மற்றவர்களுக்கு முதல் பெயர் தேதோங்காங் பீர். அதன் பிறப்பே ஒரு கதை. இங்கிலாந்தின் டிரோபிரிட்ஜ் என்ற ஊரில் மூடப்பட்ட பழைய அஷர்ஸ் பீர் ஆலையை 2000இல் விலைக்கு வாங்கி, ஆணி ஆணியாகக் கழற்றி, கப்பலில் ஏற்றிப் பியோங்யாங்கில் மறுபடி பூட்டினார்கள். 2002இல் உற்பத்தி தொடங்கியது. பெயருக்குப் பதில் எண்தான். ஒன்றாம் எண் முழுக்க பார்லி. இரண்டில் எழுபது பங்கு பார்லி, முப்பது பங்கு அரிசி. மூன்றில் பாதிக்குப் பாதி. நான்கில் அரிசி கை ஓங்கும். ஐந்து முழு அரிசி. ஆறும் ஏழும் கறுப்பு பீர். இரண்டுக்குத்தான் ரசிகர்கள் அதிகம். குடித்தவர்கள் பலரும் தென் கொரிய பீரைவிட இது மேல் என்கிறார்கள்.

சோஜு என்ற கொரியச் சாராயம் வலுவானது. பியோங்யாங் சோஜுவை 2015இல் தேசிய மதுவாகவே அறிவித்தார்கள். பெக்து மலைப் பக்கத்துக் காட்டு புளூபெர்ரியில் செய்யும் ‘தெல்சுக்’ மது இனிப்பாக இருக்கும், பரிசாக வாங்கி வர ஏற்றது. ஜின்செங் வேர் மிதக்கும் புட்டியும் சரி. பாம்பு சுருண்டு கிடக்கும் புட்டியைப் பார்த்து ரசித்துவிட்டு அலமாரியிலேயே விட்டுவிடுங்கள், ஊர் சுங்கத்தில் விளக்கம் சொல்லி மாளாது.

உங்கள் கோப்பையை நீங்களே நிரப்பக் கூடாது. பக்கத்தில் இருப்பவருக்கு இரு கையால் ஊற்றுங்கள், அவர் உங்களுக்கு ஊற்றுவார். வயதில் மூத்தவர் முன் குடிக்கும்போது முகத்தைச் சற்றுத் திருப்பிக்கொள்வது மரியாதை. நம் ஊரில் பெரியவர் வந்தால் சிகரெட்டை முதுகுக்குப் பின்னால் மறைப்பதில்லையா, அது மாதிரி. அளவு முக்கியம். போதையில் ஹோட்டல் மாடிகளில் அலைவது இந்த ஒரு நாட்டில் மட்டும் வேண்டவே வேண்டாம்.

கதவு திறக்கும்வரை

சியோல் வரை போக முடிந்தால் அங்கே பியோங்யாங் நேங்மியோனுக்கென்றே கடைகள் உண்டு. வடக்கிலிருந்து வந்தவர்கள் தொடங்கியவை. 1946இல் தொடங்கிய ஊரேஓக் அவற்றில் புகழ்பெற்றது. ஊருக்கு வெளியே கிம்போவில் ஏகிபோங் குன்று இருக்கிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒன்றரை கிலோமீட்டர்கூட இல்லாத தூரத்தில் வட கொரியக் கிராமம். 2024 இறுதியில் அங்கே ஒரு ஸ்டார்பக்ஸ் திறந்தார்கள். லாட்டே குடித்துக்கொண்டே தொலைநோக்கியில் பார்க்கலாம். எனக்கு என்னவோ கூசியது.

சென்னைக்காரர்களுக்கு இன்னும் பக்கத்திலேயே ஒரு தொடர்பு உண்டு. இருங்காட்டுக்கோட்டையில் கார் ஆலை வைத்திருக்கும் ஹூண்டாயை நிறுவிய சுங் ஜு-யோங் பிறந்த ஊர் இன்று வட கொரியாவில் இருக்கிறது. சிறுவயதில் அப்பா மாடு விற்ற காசைத் திருடிக்கொண்டு ஊரைவிட்டு ஓடியவர். 1998இல், அந்த ஆலையிலிருந்து சான்ட்ரோ வெளிவந்த அதே ஆண்டில், 1001 மாடுகளை லாரிகளில் ஏற்றி எல்லை தாண்டிக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஓர் அசல், ஆயிரம் வட்டி.

எங்கும் போக முடியாதவர்களுக்கு, வீட்டில் நேங்மியோன். நான்கு பேருக்கு:

1. மூன்று நாள் முன்பே முள்ளங்கித் தண்ணீர் போடுங்கள். ஒரு கிலோ வெள்ளை முள்ளங்கியை விரல் கனத்துக்கு நறுக்கி, இரண்டு லிட்டர் தண்ணீரில் 50 கிராம் கல்லுப்பு கரைத்து மூழ்கவிடுங்கள். தட்டிய இஞ்சி, பூண்டு, வெங்காயத்தாள், கீறிய பச்சை மிளகாய் இரண்டு, பேரிக்காய் பாதி. நம் வெயிலுக்கு வெளியே ஒன்றரை நாள் போதும், லேசாகப் பொங்கிப் புளித்ததும் ஃபிரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். இதுதான் தோங்சிமி.

2. மாட்டுக்கறி நெஞ்சுப் பகுதி அரைக் கிலோ, மிளகு, இஞ்சி, வெங்காயம் போட்டு இரண்டு மணி நேரம் சிறு தீயில். கோழியும் ஆகும். பழைய முறையில் காட்டுக்கோழி இனமான ஃபெசன்ட் போடுவார்கள். ‘ஃபெசன்ட் இல்லாவிட்டால் கோழி’ என்று கொரியாவில் பழமொழியே உண்டு. சைவத்துக்கு உலர்ந்த காளானும் முள்ளங்கியும். ஆறவைத்து, மேலே உறையும் கொழுப்பை முழுக்க எடுத்துவிடுங்கள். இதில் சோம்பல் பட்டால் கிண்ணம் முழுக்க மெழுகு மிதக்கும்.

3. சாறும் முள்ளங்கித் தண்ணீரும் சம அளவில் கலந்து, உப்பு பார்த்து, ஓரங்கள் உறையும்வரை ஃபிரீசரில்.

4. பக்வீட் மாவு மூன்று பங்கு, உருளைக்கிழங்கு ஸ்டார்ச் ஒரு பங்கு. வட இந்தியக் கடைகளில் விரதத்துக்கென்று ‘குட்டு’ மாவு விற்பார்களே, அதே பக்வீட்தான். கொதிநீர் விட்டுக் கெட்டியாகப் பிசையுங்கள். கொரியாவில் மர அச்சில் இட்டு, கொதிக்கும் அண்டாவுக்குள் நேராகப் பிழிவார்கள். நம் வீட்டுச் சேவை நாழி இதற்கென்றே செய்தது போல் இருக்கும். மெல்லிய அச்சு போட்டுக் கொதிநீரில் பிழிந்து, மிதந்து வந்ததும் ஒரு நிமிடம், உடனே எடுத்துக் குளிர்ந்த நீரில் கையால் அலசுங்கள். கடைசி அலசல் ஐஸ் நீரில்.

5. கிண்ணத்தில் நூடுல்ஸைச் சுருட்டி வைத்து, ஊறிய முள்ளங்கி, வெள்ளரி, கறித்துண்டு, பாதி முட்டை. சாறைப் பக்கவாட்டில் ஊற்றுங்கள். வினிகர் எங்கே ஊற்ற வேண்டும் என்று மேலே சொல்லியிருக்கிறேன்.

நூடுல்ஸ் வெந்த தண்ணீரைக் கீழே கொட்டிவிடாதீர்கள். சியோல் கடைகளில் அதைத்தான் முதலில், சூடாக, ஒரு டம்ளரில் கொண்டுவந்து வைப்பார்கள். வடிகஞ்சி மாதிரி இருக்கும், ஒரு கல் உப்பு போட்டுக் குடிக்கலாம்.